ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு எந்த போன் கட்டுப்படியாகும்?

வந்த கேள்வி இது: “தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம் ஒரு கிராமத்தில் அப்பாவும் (72) அம்மாவும் (66) தனியாக இருக்கிறார்கள். வீட்டு லேண்ட்லைன் மூன்று மாதமாகச் செத்துக் கிடக்கிறது. வரியோடு மாதம் 290 ரூபாய் வாடகை மட்டும் தவறாமல் போகிறது. கேட்டால் ஃபைபருக்கு மாறச் சொல்கிறார்கள். அதுபோக, இரண்டு பேர் செல்போனுக்கும் 28 நாளைக்கு ஒரு தடவை 299 ரூபாய் நான் சென்னையிலிருந்து போட்டுவிடுகிறேன். அப்பாவிடம் ஸ்மார்ட்போன், அம்மாவிடம் பட்டன் போன். தங்கை துபாயில் இருக்கிறாள். பேசுவதற்கு மட்டும் இவ்வளவு செலவா? எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?”

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போனால் காபி வருவதற்கு முன்னால் இந்தக் கேள்வி வந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். 28 நாள் ரீசார்ஜ் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை என்றுதான் மனசு நினைக்கும். உண்மையில் பதின்மூன்று தடவை. 299 ரூபாயைப் பதின்மூன்றால் பெருக்கினால் 3,887. இரண்டு போனுக்கும் சேர்த்து 7,774. லேண்ட்லைன் வாடகை 3,480. ஆக வருஷத்துக்கு 11,254 ரூபாய் போகிறது. இதில் அம்மாவின் பட்டன் போனுக்கு நீங்கள் போடும் பணத்தில் ஒரு நல்ல பங்கு, அந்த போனால் தொடக்கூட முடியாத டேட்டாவுக்குப் போகிறது. உங்களை மட்டும் சொல்லவில்லை. என் தெருவிலேயே பாதி வீட்டில் இதுதான் நடக்கிறது. ரீசார்ஜ் கடையில் போய் நின்றால் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தினம் ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி பேக்கைத்தான் போட்டுவிடுவார்.

எஸ்டிடி காலத்தில் நாங்கள் நிமிஷத்துக்குக் காசு வாங்கினோம். மஞ்சள் போர்டு வைத்த பூத்தில் கண்ணாடிக் கதவுக்குள் நின்று, சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசின தலைமுறை உங்கள் அப்பாவுடையது. ராத்திரி வெகுநேரம் கழித்துக் கால்பங்குக் கட்டணம் என்பதால், தூக்கக் கலக்கத்தோடு வரிசையில் நிற்பார்கள். இன்றைக்கும் “சரி, வச்சிடவா?” என்று அவர் பேச்சை அவசரமாக முடிக்கிறார் என்றால் அந்த மீட்டர் இன்னும் அவர் தலைக்குள் ஓடுகிறது என்று அர்த்தம். இப்போது அந்த மீட்டர் கிடையாது. ஒரு கம்பெனியின் அழைப்பு இன்னொரு கம்பெனியில் போய் முடிந்தால் இரண்டுக்கும் நடுவே கைமாறிய கட்டணம் 2017 அக்டோபரில் நிமிஷத்துக்கு 6 பைசாவாகக் குறைந்து, 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம் ஆகிவிட்டது. ஆகவே நீங்கள் இன்று காசு கொடுப்பது பேசுகிற நிமிஷத்துக்கு இல்லை, எண் உயிரோடு இருக்கிற நாளுக்கு. எந்த பேக்கை யார் காட்டினாலும் விலையை நாளால் வகுத்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வகுத்தே பார்ப்போம். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதியைத் திருத்தியது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்கைத் தனியாகக் கொடுத்தே ஆகவேண்டும், அதன் வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம் என்றது. அதற்கு முன்னால் அந்த வகைக்கு உச்சவரம்பு 90 நாள். 2025 ஜனவரியில் கம்பெனிகள் பேக்குகளை வெளியிட்டன. முதலில் வைத்த விலைக்கு முணுமுணுப்பு கிளம்பியது, டிராயும் பரிசீலிப்போம் என்றது, சில நாளிலேயே விலை இறங்கியது. இறங்கிய பிறகு ஏர்டெல்லில் 84 நாளைக்கு 469, 365 நாளைக்கு 1,849. ஜியோவில் 84 நாளைக்கு 448, 336 நாளைக்கு 1,748. இவை அப்போதைய விலைகள். போடுகிற அன்றைக்கு ஆப்பில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கில் ஏர்டெல் வருஷ பேக் 5 ரூபாய் 7 பைசா, ஜியோ 5 ரூபாய் 20 பைசா. நீங்கள் இப்போது போடும் 299 பேக் நாளுக்கு 10 ரூபாய் 68 பைசா. ஏறக்குறைய இரண்டு மடங்கு. 336 நாள் என்பதையும் கவனியுங்கள். அது வருஷ பேக் மாதிரி வேஷம் போட்ட பதினொரு மாத பேக்.

இந்தப் பேக்குகளை ஆப்பில் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கமாட்டார்கள். கீழே இறங்கி, கடைசிப் பிரிவு வரை போய்த் தேடவேண்டும். கடையில் கேட்டால் “அப்படி ஒண்ணும் இல்லையே சார்” என்று சொல்லக்கூடும். விலையைச் சொல்லிக் கேளுங்கள், வந்துவிடும்.

அம்மாவின் எண்ணுக்கு இதுதான் என் பதில்: டேட்டா இல்லாத வருஷ பேக். வருஷத்தில் ஒரே தடவை, அவர் பிறந்தநாளன்றோ தீபாவளிக்கோ போட்டுவிட்டால் மறதிக்கு இடமில்லை. இன்னொரு வழியும் உண்டு. 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத் என்ற பட்டன் போனுக்கென்று தனியாக 28 நாளைக்கு 123 ரூபாய் பேக் இருக்கிறது. வருஷத்துக்கு 1,599 வருகிறது, கொஞ்சம் டேட்டாவும் உண்டு. ஆனால் அந்த போனில் அந்த கம்பெனி சிம் மட்டும்தான் வேலை செய்யும், அந்த பேக்கும் அந்த போனுக்கு மட்டும்தான். 250 ரூபாய் மிச்சத்துக்காக அம்மாவைப் புதுபோன் பழகச் சொல்லி, வருஷத்துக்குப் பதின்மூன்று தடவை நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்வதா? நான் செய்யமாட்டேன்.

ஞாபகம் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். வேலிடிட்டி முடிந்தால் அன்றே நாம் கூப்பிட முடியாது. சில நாளில் வருகிற அழைப்பும் நின்றுவிடும். 2013 முதல் உள்ள விதிப்படி, 90 நாள் ஒன்றுமே நடக்காமல் கிடந்தால்தான் எண்ணைப் பறிக்கலாம். பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். இதைத்தான் சிலர் “இருபது ரூபாய் போட்டால் போதும், நாலு மாசம் சிம் ஓடும்” என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார்கள். அது எண்ணை நம் பெயரில் வைத்திருக்கிற ஏற்பாடு. பேசுவதற்கு அதில் வழியில்லை. அந்த எண்ணோடு பேங்க், ரேஷன் கார்டு, கேஸ் எல்லாம் கட்டிக் கிடக்கிறது. எண் கைவிட்டுப் போனால் சில மாதத்தில் வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். பென்ஷன் கணக்கின் ஓடிபி முகம் தெரியாத ஒருவர் போனில் போய் விழும். ரீசார்ஜில் மிச்சம் பிடிக்கலாம், வேலிடிட்டியில் பிடிக்கக்கூடாது.

இனி லேண்ட்லைன். உங்கள் கேள்வியில் எனக்கு மனசு கனத்த இடம் இதுதான்.

செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு இருந்த ஒரு பெருமையைப் பலர் மறந்துவிட்டார்கள். வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் அது பேசும். எக்ஸ்சேஞ்சில் ஆள் உயரத்துக்கு பேட்டரி வரிசை இருக்கும். அங்கிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பி வழியாகவே உங்கள் வீட்டு போனுக்கு வரும். மணி அடிக்கும்போது இன்னும் அதிகம். கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து யாராவது போன் போட்டால் சுள்ளென்று ஒரு அடி விழும். வாங்காத லைன்மேன் கிடையாது. ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிற வரைக்கும் ஊரே இருட்டில் கிடந்தாலும் டயல் டோன் வரும்.

ஃபைபரில் இது கிடையாது. கண்ணாடி இழை வழியே வருவது வெளிச்சம், மின்சாரம் இல்லை. வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டிக்கு நீங்கள்தான் கரண்ட் கொடுக்கவேண்டும். கரண்ட் போனால் இன்டர்நெட்டோடு போனும் படுத்துவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் இணைக்கலாம். இல்லையென்றால் அந்தப் பெட்டிக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறார்கள்; ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும், சில மணி நேரம் தாங்கும். ஃபைபர் போட வருகிறவர் இதையெல்லாம் சொல்லமாட்டார். பெட்டியின் பின்னால் போனுக்கென்று தனியாக ஒரு சின்னத் துளை இருக்கும், உங்கள் பழைய லேண்ட்லைன் போனையே அதில் சொருகிக்கொள்ளலாம் என்பதைக்கூடச் சிலர் சொல்லாமல் போய்விடுகிறார்கள்.

விலை எப்படி? குறைந்த ஃபைபர் பேக் 399 ரூபாய் என்று விளம்பரம் இருக்கும். செல்போன் ரீசார்ஜில் ஜிஎஸ்டி விலைக்குள்ளேயே அடக்கம், ஃபைபரில் 18 சதவீதம் மேலே. கைக்கு 471 ரூபாய் ஆகிறது. வருஷத்துக்கு 5,650. நாடு முழுக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்பார்கள், உண்மைதான். ஆனால் அந்த வசதி 1,849 ரூபாய் சிம்மிலும் இருக்கிறது. பேசுவதற்காக மட்டும் ஃபைபர் போடுவது, தேங்காய்ச் சில்லுக்காகத் தோப்பை வாங்குகிற கதை. நீங்கள் அடிக்கடி ஊருக்குப் போய் அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறீர்களா, வாசலில் கேமரா மாட்டும் எண்ணம் இருக்கிறதா, விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து தங்குவார்களா? அப்படியென்றால் போடுங்கள். பல இடங்களில் பழைய லேண்ட்லைன் எண்ணையே ஃபைபருக்கும் தருகிறார்கள். உங்கள் இடத்தில் முடியுமா என்று இணைப்பு மாறுவதற்கு முன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

“அம்மாவுக்கு லேண்ட்லைன்தானே வசதி, அது ஒரே இடத்தில் இருக்கும், தேடவேண்டாம், எண்கள் பெரிதாக இருக்கும்” என்று நீங்கள் நினைக்கலாம். சரிதான். காது மந்தமானவர்களுக்கு அந்தக் கனமான ரிசீவர் மாதிரி செல்போன் வராது. அதற்கு ஒரு மாற்று இருக்கிறது: சிம் போடுகிற மேஜை போன். பார்க்க அசல் லேண்ட்லைன். ரிசீவரை எடுத்தால் டயல் டோன்கூட வரும். உள்ளே பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் பேசும். வாங்கும்போது ஒன்றே ஒன்று பாருங்கள். மலிவாக வருகிற பழைய மாடல்கள் 2ஜியில் மட்டும் ஓடுபவை. ஜியோவில் 2ஜியே கிடையாது என்பதால் அந்த சிம் அதில் செத்ததுதான். 4ஜியில், அதுவும் வோல்டி (VoLTE, 4ஜி வழியாகவே பேசுகிற வசதி) என்று அட்டையில் எழுதியிருக்கிற மாடலாக வாங்கினால் எந்த சிம்மும் ஓடும். விலை கூடத்தான், ஆனால் ஒரு தடவைச் செலவு. அம்மாவின் சிம்மை இதில் போட்டு, லேண்ட்லைன் இருந்த அதே ஸ்டூலில், அதே குரோஷா விரிப்பின் மேல் வைத்துவிடுங்கள். வெளியூர் கிளம்பினால் சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் மாற்றத் தெரிந்த ஆள் வீட்டில் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு வருவோம். அவர் கடையில் ஜிபே பண்ணுகிறாரா? பண்ணுகிறார் என்றால் டேட்டா இல்லாத பேக் அவருக்கு ஒத்துவராது. டீக்கடையில் நின்றுகொண்டு ஸ்கேன் பண்ண முடியாமல் உங்களைத்தான் திட்டுவார். அவருக்கு இப்போதுள்ள பேக்கே இருக்கட்டும், அல்லது அதே கம்பெனியில் 84 நாள் பேக்கை நாளால் வகுத்துப் பாருங்கள். பணம் கொடுப்பதெல்லாம் நோட்டாகத்தான், வீட்டில் உட்கார்ந்து யூடியூப் பார்ப்பது மட்டும்தான் என்றால், ஃபைபர் போட்ட வீட்டில் அவருக்கும் வருஷ வாய்ஸ் பேக் போதும். வைஃபை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஃபைபர் போடுவதானால் அவர் போனில் வைஃபை காலிங் என்ற ஸ்விட்சை ஆன் செய்துவிடுங்கள். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் வந்த வசதி. அப்பாவின் அதே எண், அதே பேக், தனிக் கட்டணம் இல்லை. டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாக அழைப்பு போகும். சுவர் கனமான பழைய வீடுகளில் வாசலுக்கு ஓடிவந்து “ஹலோ, ஹலோ” என்று கத்துகிற வேலை இதனால் மிச்சம்.

மொத்தத்தையும் கூட்டினால்: லேண்ட்லைனை விட்டு, அம்மாவுக்கு வருஷ வாய்ஸ் பேக், அப்பாவுக்கு இப்போதுள்ள பேக் என்றால் 1,849 + 3,887 = 5,736 ரூபாய். இப்போது கட்டுவதில் பாதிதான். ஃபைபர் போட்டு, இரண்டு பேருக்கும் வாய்ஸ் பேக் என்றால் 5,650 + 1,849 + 1,849 = 9,348. இரண்டிலும் மிச்சம்தான். உங்கள் கேள்வி பேசுவதைப் பற்றி மட்டும் என்பதால் என் ஓட்டு முதலாவதுக்கு.

ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு சிம்மும் ஒரே கம்பெனியாக இருக்கக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் உங்கள் பக்கம் நடந்ததை நான் சொல்லவேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுவிட்டது. ஏரலுக்கு போன் போட்டால் மணி அடிக்கவில்லை. அந்த அளவு வெள்ளம் வந்தால் எந்தக் கம்பெனி டவரும் நிற்காது, அதற்கு மருந்தில்லை. ஆனால் ஒரு டவரின் பேட்டரி தீர்ந்து அடுத்த டவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற சாதாரண மழைநாளில் இரண்டு கம்பெனி சிம் கைகொடுக்கும். எந்தக் கம்பெனி என்று என்னைக் கேட்காதீர்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வீட்டின் பின்கட்டில், அம்மா அதிகம் இருக்கிற இடத்தில் நின்று, எந்த சிம்மில் பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்று பாருங்கள். விலைப் பட்டியலைவிட அதுதான் முக்கியம்.

கம்பெனி மாறவேண்டியிருந்தால் எண்ணை மாற்றவேண்டாம். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, பத்து இலக்க எண்ணையும் அடித்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எட்டு எழுத்துக் கோடு வரும். அதைப் புதுக் கம்பெனியில் கொடுக்கவேண்டும், நாலு நாள் வரைதான் அது செல்லுபடியாகும். பழைய சிம்மில் மிச்சமுள்ள பேலன்ஸும் வேலிடிட்டியும் மாறும்போது போய்விடும் என்பதால், பேக் முடிய ஒரு வாரம் இருக்கும்போது செய்யுங்கள். இப்போதுள்ள கம்பெனியில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்கவும் வேண்டும்.

தங்கை விஷயம். ஐஎஸ்டியில் நேராகப் பேசுவது இரண்டு பக்கமும் வீண்செலவு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. அது அங்கே தடை. அனுமதி பெற்ற ஆப்கள் இருக்கின்றன, நம் ஆட்கள் பெரும்பாலும் போடிம் பயன்படுத்துகிறார்கள். அதை அப்பா போனில் போட்டுக்கொடுத்து, தங்கை கூப்பிட்டால் எந்தப் பச்சை வட்டத்தைத் தொடவேண்டும் என்று நேரில் காட்டிவிடுங்கள். விபிஎன் வைத்துச் சுற்றிப் போகச் சொல்லும் நண்பர்கள் பேச்சைத் தங்கை கேட்கவேண்டாம், அங்கே அபராதம் ஊரிலுள்ள வீட்டை விற்றாலும் கட்டமுடியாத அளவு. பழைய ஸ்கைப் கணக்கு ஏதாவது இருந்தால் மறந்துவிடுங்கள், 2025 மே 5 அன்று அதை மூடிவிட்டார்கள்.

செய்கிற வரிசையும் முக்கியம். லேண்ட்லைனை முதலில் துண்டிக்காதீர்கள். அம்மாவின் புது ஏற்பாடு ஒரு மாதம் ஒழுங்காக ஓடட்டும். அதற்குள், அந்தப் பழைய எண்ணை மட்டும் தெரிந்த உறவுக்காரர்கள், கோயில்காரர், பேங்க் எல்லோருக்கும் புது எண்ணைச் சொல்லிவிடுங்கள். அம்மாவின் மஞ்சள் அட்டை போன் டைரி இருந்தால் அதை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும். அவருக்கும் நாலு பேரோடு பேசின மாதிரி இருக்கும். அப்புறம் ஒப்படைக்கக் கடிதம் கொடுங்கள். மூன்று மாதம் பழுதாகக் கிடந்ததற்கு வாடகையில் கழிவு உண்டு, அதை அதே கடிதத்தில் புகார் எண்ணோடு கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தருவதில்லை. இணைப்பு வாங்கின காலத்தில் கட்டிய டெபாசிட்டும் திரும்ப வரவேண்டும். அந்த ரசீது பீரோவில் நிலப் பத்திரங்களோடு இருக்க வாய்ப்பு அதிகம், அப்பாவை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.